ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கினால் அடி நின்றுவிடுமா?

கேள்வி (சுருக்கம்): வியாசர்பாடி பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம், அக்கா. சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், ஒரு கேரம் போர்டு, ஒரு ஃபுட்பால் டீம், அவ்வளவுதான் எங்கள் மன்றம். எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு அக்காவை அவர் கணவர் அடிக்கிறார். அது எல்லாருக்கும் தெரியும். போன மாதம் அவர் அழுதுகொண்டே மன்றத்து வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினோம், கணவர் மன்னிப்பு கேட்டார், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பத்து நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் அந்த அக்கா எட்டரை மணிக்கு வேலையிலிருந்து வந்தார் என்று கணவர் முன்னைவிட மோசமாக அடித்திருக்கிறார். இப்போது அந்த அக்கா எங்களைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறார். மன்றத்தில் பாதிப் பேர் 'புருஷன் பொண்டாட்டி விவகாரம், இனி நாம தலையிட வேணாம்' என்கிறார்கள். மீதிப் பேர் 'நாலு தட்டு தட்டினா சரியாயிடும்' என்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?
(மன்றச் செயலாளர், வயது 27)

பதில்:

தம்பி, கடிதத்தோடு அந்த ஸ்டாம்ப் பேப்பரின் போட்டோவையும் அனுப்பியிருந்தீர்கள். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிளாக்கில் இதைப் படிக்கிறவர்கள் யார் வீடு என்று தேட வேண்டாம்.) கடிதத்தைவிட அந்தப் பேப்பரைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ரூபாய் பேப்பர், நீல மை. டியூஷன் எடுக்கிறவர் எழுதியிருப்பார் போல, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கணவருக்கு இரண்டு நிபந்தனை: குடித்துவிட்டு இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன், சம்பளத்தை வீட்டில் கொடுப்பேன். மனைவிக்கு நான்கு: எதிர்த்துப் பேச மாட்டேன், ராத்திரி எட்டு மணிக்குள் வேலையிலிருந்து வந்துவிடுவேன், சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன், போனில் அதிகம் பேச மாட்டேன்.

அடித்தவருக்கு இரண்டு, அடி வாங்கியவருக்கு நான்கு.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ரெண்டு பக்கமும் கேட்டு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லி முடித்துவைப்பதுதான் நமக்குத் தெரிந்த நியாயம், நம் அப்பாக்களும் தாத்தாக்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பேப்பர் வீட்டுக்குள் போனதும் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். அதுவரை அவர் அடிப்பதற்குச் சாக்கு தேட வேண்டியிருந்தது. இப்போது நாலு சாக்கை வரிசையாக எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டு நீங்களே கையில் கொடுத்திருக்கிறீர்கள். எட்டு மணி என்று எழுதியிருக்கிறது, சவுகார்பேட்டையிலிருந்து பஸ் கிடைத்து வந்து சேர எட்டரை ஆகிவிட்டது, 'நீ எழுதிக் குடுத்தத நீயே மீறிட்டல்ல' என்று அடி. இதில் அந்தப் பெண் உங்களைப் பார்த்துத் தலை குனிந்து போவதற்கு வெட்கம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உங்களிடம் வந்து சொன்னதால்தான் கூடுதலாக அடி விழுந்தது என்று அவருக்குத் தெரியும். அடுத்த தடவை வர மாட்டார்.

நிலத்தகராறு, கடன், வாடகை, இதற்கெல்லாம் பஞ்சாயத்து சரி. ரெண்டு பேரும் சண்டை போடுகிறார்கள், ரெண்டு பேருக்கும் குரல் இருக்கிறது, நடுவில் ஒருத்தர் உட்காரலாம். இது சண்டையில்லை. ஒருத்தர் பயந்துகொண்டே வாழ்கிறார், இன்னொருத்தர் அந்தப் பயத்தை வைத்து வீட்டை நடத்துகிறார். அந்தப் பெண்ணைக் கணவர் பக்கத்தில் உட்கார வைத்து, சுற்றி பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றுகொண்டு, 'நீ சொல்லுமா, உனக்கு இன்னா பிரச்சனை' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அன்று ராத்திரி அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும். ராத்திரியைத் தாண்டுவதற்கு எது சொன்னால் நல்லதோ அதைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் சரி என்பார். நான்கு நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட்டார் அல்லவா, அப்படி.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டே கவுன்சலிங்குக்கு அனுப்பினாலும் அதை எப்படி நடத்த வேண்டும் என்று 2006-ல் வந்த விதிகள் சொல்கின்றன. இனி அடிக்க மாட்டேன் என்று முதலில் அவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும், அடித்ததற்கு அவர் நியாயம் சொல்ல அனுமதிக்கக் கூடாது, இரண்டில் எந்தப் பக்கத்துக்காவது உறவுக்காரராக இருப்பவர் கவுன்சலராக இருக்கக் கூடாது. உங்கள் மன்றத் தலைவர் கணவருக்குச் சித்தப்பா முறை என்று கடிதத்தில் ஒரு மூலையில் எழுதியிருந்தீர்கள். சரி, அதை அப்படியே விடுகிறேன்.

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கையில் ஃபைலோடு போய், மாமியார் சமையல் மேடைப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போதே மருமகளிடம் 'வீட்டுக்காரர் அடிக்கிறாராம்மா?' என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். 'அய்யே, அதெல்லாம் இல்லீங்க மேடம், யாரோ வேணும்னே சொல்லியிருக்காங்க.' நான் 'வன்முறை இல்லை' என்று ஃபைலில் எழுதிக்கொண்டு வந்தேன். வெங்காயம் அரிகிற சத்தம் நான் கேள்வி கேட்டபோது நின்றதும், அவர் பதில் சொன்ன பிறகு மறுபடி தொடங்கியதும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. ரெண்டு மாதம் கழித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவரைக் கையில் கட்டோடு பார்த்தபோதுதான் உறைத்தது.

அதனால் முதல் காரியம், பேச வேண்டியது உங்கள் பிளாக்கில் இருக்கும் அந்தப் பெண்ணிடம், தனியாக, ஒரு பெண். நீங்கள் போக வேண்டாம் தம்பி, உங்களுக்கு எவ்வளவு அக்கறை இருந்தாலும் சரி. ஒரு இளைஞன் அவரோடு தனியாகப் பேசினான் என்ற செய்தி கணவர் காதுக்குப் போனால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். உங்கள் பிளாக்கிலேயே மகளிர் குழு இருக்கும். அதில் வாய் பாதுகாப்பான, அதாவது கேட்டதை அடுத்த மாடிக்குக் கொண்டுபோகாத ஒரு அம்மா கட்டாயம் இருப்பார். யார் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவர் போய் வீட்டில் உட்கார்ந்து பேசக் கூடாது. தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்கும் வரிசை இருக்கிறதே, ரேஷன் கடை, பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு போகிற அந்தப் பத்து நிமிடம், அங்கேயெல்லாம் பேசலாம். இரண்டு பெண்கள் குடத்தோடு பேசிக்கொண்டு நின்றால் உலகத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

என்ன பேசுவது? அறிவுரை வேண்டாம். 'ஏன் இன்னும் அவன்கூட இருக்க' என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்கிறவருக்கு அது அக்கறையாகத் தெரியும், கேட்கப்படுகிறவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் விழும். 'அன்னிக்கு மன்றத்துல உன்னை அப்படி உட்கார வெச்சது தப்பு, பசங்க அதை உணர்ந்துட்டாங்க. உன் மேல தப்பு இல்ல. இப்ப உனக்கு இன்னா வேணும்?' இவ்வளவு போதும். கடைசிக் கேள்விக்கு அன்றைக்கே பதில் வராது. 'ஒண்ணும் வேணாம் விடுக்கா' என்பார். விட்டுவிட வேண்டும். மறுவாரம் மறுபடி நலம் விசாரிக்க வேண்டும். மூன்றாவது தடவையோ ஆறாவது தடவையோ பேசுவார்.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 38 பேர் கணவரிடம் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள், இந்திய அளவில் அது சுமார் 29. அதே ஆய்வில், இப்படி அடிபட்ட பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவியும் கேட்கவில்லை, வாய் திறந்து சொல்லவும் இல்லை. அந்தப் பெண் உங்கள் மன்றத்து வாசலில் வந்து நின்றார் என்றால் எவ்வளவு யோசித்து வந்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிளாக்கில் வராதவர்கள் எத்தனை பேர் என்றும்.

அவர் பேச ஆரம்பித்ததும் சில விஷயங்களை மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். கழுத்தை நெரித்திருக்கிறாரா? மண்ணெண்ணெய், பெட்ரோல், கேஸ் என்று எதையாவது சொல்லி மிரட்டினாரா? கத்தியைக் காட்டினாரா? நடத்தையில் சந்தேகம் என்று போனைப் பிடுங்கிப் பார்ப்பது, வேலை செய்யும் கடைக்கே போய் நிற்பது உண்டா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அடித்தாரா? பிரிந்து போகிறேன் என்று இவர் சொன்ன பிறகு அடி கூடியிருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்று வந்தால் நிதானமாக யோசிக்கலாம் என்ற பேச்சே கிடையாது, உயிர் போகிற ஆபத்து. கழுத்தை நெரிப்பதைப் பலர் 'சும்மா கழுத்தப் புடிச்சாரு' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், வெளியே காயமும் தெரியாது. ஆனால் பிறகு கொலையில் முடிகிற வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற அடையாளம் அது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், அன்றைக்கே 181-க்குப் பேச வேண்டும். 181 பெண்களுக்கான உதவி எண், காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அடி நடந்துகொண்டே இருக்கிறது என்றால் 100 அல்லது 112. அவராகவே 'செத்துடலாம்போல இருக்கு' என்று சொன்னால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா வரக் கூடாது. 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேச வைக்க வேண்டும், அன்று ராத்திரி தனியாக விடக் கூடாது.

சரி, மேலே சத்தம் கேட்கிறது, தட்டுமுட்டுச் சாமான் விழுகிறது, பிள்ளைகள் அழுகின்றன. என்ன செய்வது? கதவைத் தட்டுங்கள். உள்ளே போய் நியாயம் கேட்கப் போக வேண்டாம். ரெண்டு பேராகப் போங்கள், ஒரு பெண் இருந்தால் நல்லது, 'மோட்டார் போடட்டுமா, தண்ணி வருதா?', 'தம்பி, அந்த சைக்கிள் பம்பு இருக்கா?' என்று எதையாவது கேளுங்கள். 2008-ல் 'பெல் பஜாவோ' என்று, அதாவது காலிங்பெல்லை அடி என்று, ஒரு பிரச்சாரமே நாடு முழுக்க நடந்தது. சத்தம் கேட்டால் பெல் அடித்து எதையாவது கேள், வெளியே ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான் அதன் சாரம். கை ஓங்கினவர் கதவைத் திறக்க வருகிற அந்த அரை நிமிடத்தில் பல நேரம் வேகம் அடங்கிவிடும். ஆனால் கையில் ஆயுதம் இருக்கிறது என்றால் இந்த வேலை வேண்டாம், போலீஸுக்குப் போன் பண்ணிவிட்டுக் கீழே நில்லுங்கள்.

அடுத்து, வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் என்ன கையில் இருக்க வேண்டும் என்பது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, மாத்திரைச் சீட்டு. இவற்றின் ஜெராக்ஸ் ஒரு செட், ஒரு மாற்றுத் துணி, கொஞ்சம் சில்லறை, இதை அந்த மகளிர் குழு அம்மா வீட்டில் ஒரு மஞ்சப் பையில் வைத்துவிடலாம். அரசின் மகளிர் உரிமைத் தொகை வருகிறதென்றால் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பெண் பெயரில் பணம் வந்து கணவர் சட்டைப் பையில் கார்டு இருப்பதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். பொருளாதார வன்முறை என்று சட்டத்திலேயே இருக்கிறது, அடித்தால்தான் வன்முறை என்றில்லை. ஒரு ரகசியச் சொல்லும் பேசி வைத்துக்கொள்ளட்டும். 'அக்கா, இட்லி மாவு இருக்கா' என்று மெசேஜ் வந்தால் உடனே வந்து கதவைத் தட்டு என்று அர்த்தம், அந்த மாதிரி. கையில் காசே இல்லாவிட்டாலும் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். சிறிய விஷயம்தான், ராத்திரி ஏழு மணிக்குப் பிள்ளையோடு கிளம்புகிறவருக்கு அது பெரிது.

அடிபட்ட உடனே ஸ்டான்லிக்கோ பெரியார் நகர் ஆஸ்பத்திரிக்கோ போனால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். 'மாடிப்படியில் விழுந்துட்டேன்' என்று சொன்னால் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் அதுதான் ஏறும், ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் அதுதான் படிக்கப்படும். யார் அடித்தது, எதால் அடித்தார் என்று சொன்னால் அதுவும் அப்படியே ஏறும். கூட ஒரு பெண் போனால் போதும், பட்டாளம் வேண்டாம்.

இனி சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எழுதினாலே பாதிப் பேர் படிக்காமல் கீழே இறங்கிவிடுகிறீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது கணவரை ஜெயிலில் போடுகிற சட்டம் இல்லை, அதனால்தான் நிறையப் பெண்களுக்கு இது பொருந்துகிறது. 'அவரு உள்ள போவக் கூடாது, அடிக்கக் கூடாது, அவ்ளோதான்' என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது, எல்லாம் அதே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் கணவர் வராமலேயே இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டும். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்ற வேண்டாம்.

வீடு மாமியார் பேரில் இருக்கிறது, ஒதுக்கீட்டுச் சீட்டே அந்த அம்மா பேரில்தான், அதனால் இவருக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை உண்டு, யார் பேரில் பட்டா என்பது கேள்வியில்லை. மாமனார் மாமியார் பேரில் இருக்கிற வீடும் அதில் வரும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்தில் பங்கு என்று அர்த்தமில்லை, இஷ்டத்துக்குத் தெருவில் நிறுத்த முடியாது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் வாசல் பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார், உங்களுக்கு அது ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ். அவர் குடும்ப வன்முறை அறிக்கை என்று ஒன்றை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். உங்கள் மன்றத்துக்கு முக்கியமானது இதுதான்: வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கிற யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தால் கொடுத்தவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. 'தலையிட்டா நம்ம மேலயே கேஸ் வரும்' என்று சொல்கிற அந்த நண்பரிடம் இதைக் காட்டுங்கள். ஆனால் கொடுக்கலாம் என்பதற்காக அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு. மற்றபடி எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது அவர். பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, 2024 ஜூலையிலிருந்து புதிய பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தில் பிரிவு 85 என்று வந்திருக்கும் கொடுமை வழக்கு வேறு கணக்கு. அதற்குப் பெரும்பாலும் அவரோ அவர் சொந்தக்காரரோதான் புகார் கொடுக்க வேண்டும், மன்றம் கொடுத்தால் எடுபடாது. மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கேயும் 'சமாதானமாப் போங்கமா' என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் திரும்ப வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் தங்க இடம் வேண்டும் என்றால் ஒருங்கிணைந்த சேவை மையம், அதையும் 181-லேயே கேட்கலாம்.

இப்போது உங்கள் மன்றத்தின் 'நாலு தட்டு' கட்சிக்கு வருகிறேன். வேண்டாம். மனசாட்சிக்குச் சுகமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், எனக்கே சில நேரம் கை துறுதுறுவென்று வரும். ஆனால் நீங்கள் அடித்த அடி வட்டியோடு ராத்திரி அந்தப் பெண் மேல்தான் இறங்கும், கதவு சாத்திய பிறகு. கூடவே உங்கள் ஃபுட்பால் பையன்கள் இரண்டு பேர் மேல் ஒரு கேஸ் ஏறும், வியாசர்பாடிப் பையன் பேரில் ஒரு கேஸ் ஏறினால் வேலைக்குப் போகும்போது என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணவரிடம் பேசவே கூடாதா என்றால், பேசலாம், அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும். அதுவும் அவர் சொன்னதை வைத்துப் பேசக் கூடாது. 'சத்தம் எங்க எல்லாருக்கும் கேக்குது, அடிக்கிறது தப்பு, அடுத்த தடவ போலீஸ கூப்புடுவோம்' என்று கணவர் மதிக்கிற ஒரு பெரியவர் சொன்னால் போதும். அப்போது அவர் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும், தண்ணி போட்டதால நிதானம் இல்ல என்பார். குட்டி யானை வண்டி ஓட்டுகிறவர் என்றீர்கள். டாஸ்மாக்கில் பக்கத்து மேசைக்காரரை அடிப்பதில்லை, செக்போஸ்ட்டில் போலீஸ்காரரை அடிப்பதில்லை, ஓனர் திட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இரண்டு மாடி ஏறி வீட்டுக்குள் வந்ததும்தான் நிதானம் போகிறது. யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்று எவ்வளவு குடித்தாலும் தெரிகிறது பாருங்கள். குடியை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் குடியை நிறுத்திய பிறகும் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணக் கஷ்டமும் அப்படித்தான். ஏப்ரல் 15-லிருந்து அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து எனக்கு வருகிற போன் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதே தெருவில், அதே கடலுக்குப் போகாமல், அதே கடனோடு உட்கார்ந்துகொண்டு பொண்டாட்டி மேல் கை வைக்காத ஆட்கள்தான் அதிகம்.

உங்களால் நிச்சயமாகச் செய்ய முடிவது ஒன்று இருக்கிறது, அந்தக் கணவர் உங்கள் டீமுக்கு கோச் என்று சொன்னீர்களே. அதை நிறுத்துங்கள். பொங்கலுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதையும். 'ஆளு நல்லவருதான், கோவம் வந்தாதான்…' என்று மன்றத்தில் யாரும் சொல்லக் கூடாது. அவருக்கு உங்கள் வட்டத்தில் மரியாதை குறையாமல் இருக்கிற வரை, மன்றம் யார் பக்கம் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதையும் அவரிடம் கேட்டுவிட்டு, அவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு ஆன பிறகு செய்யுங்கள். ஆத்திரம் வீட்டுக்குள்தான் திரும்பும்.

மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் இந்த விஷயம் ஒரு வரி ஓடியிருக்கிறதா? ஓடியிருக்கும். அழியுங்கள், இனி கூடாது. இரண்டு பேருக்கு மட்டும் விவரம் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு 'பாத்துக்கறோம்' என்ற பதில் போதும். அப்புறம், கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை என்பதை நீங்கள் சொல்லவில்லை, பெயர்ப் பட்டியலைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். பாதி இடம் பெண்களுக்குக் கொடுக்காமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். 181 என்று படிக்கட்டுச் சுவரில் பெரிதாக எழுதுங்கள், எல்லா பிளாக்கிலும் எழுதுங்கள், ஒரு பிளாக்கில் மட்டும் எழுதினால் யாருக்காக என்று கேட்பார்கள். அவசரத்துக்கு ஆட்டோ காசு என்று ஒரு இரண்டாயிரம் தனியாக எடுத்து வையுங்கள், கணக்கில் பெயர் எழுதாமல்.

டியூஷனைப் பற்றி ஒன்று. அவருடைய மூத்த பையன் உங்களிடம்தான் படிக்கிறான், எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பினாலும் பையை மூடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. அவனிடம் கேள்வி கேட்காதீர்கள், துப்பறிய வேண்டாம். ஒன்பது மணி வரை விளக்கை அணைக்காமல் யாராவது ஒருவர் கேரம் ஆடிக்கொண்டு இருங்கள், அவனாகப் பேசினால் கேளுங்கள். பிள்ளைகள் மேலும் கை வைக்கிறார் என்று தெரிந்தால் 1098.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாளில் திரும்பி வரலாம். வருவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் ஸ்கூல், கடை வேலை, தங்கச்சி கல்யாணம், 'இனிமே மாட்டேன்' என்று அவர் விடுகிற கண்ணீர், ஆயிரம் காரணம் இருக்கும். மன்றத்தில் அப்போது 'இவ்ளோ பண்ணியும் அவன்கிட்டயே போயிட்டா பாரு' என்ற பேச்சு வரும். அதை அவர் காதில் விழும்படி ஒருத்தர் சொன்னாலும் நீங்கள் செய்தது எல்லாம் வீண், மூன்றாவது தடவை அவர் வேறு எங்கேயும் போக மாட்டார். தண்ணீர் வரிசையில் அந்த அம்மா எப்போதும்போல 'சாப்ட்டியாமா' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மஞ்சப் பை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, அந்த ஸ்டாம்ப் பேப்பர். கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிழிக்காதீர்கள். மனைவிக்கு எழுதிய நான்கு நிபந்தனைக்கும் மதிப்பில்லை என்று அந்தப் பெண்ணிடம் அந்த அம்மா மூலம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் முதல் வரியை மறுபடி படித்துப் பாருங்கள்: 'குடித்துவிட்டு இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன்.' இதுவரை அடித்திருக்கிறேன் என்று அந்த மனிதர் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒத்துக்கொண்ட ஒரே ஆதாரம் அதுதான். தப்பாக எழுதிய பேப்பர் இந்த ஒரு வழியில் உதவலாம். ஒரிஜினலை மன்றத்து பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், உங்கள் தலைவர் கையில் கொடுக்க வேண்டாம். அந்தப் பெண் ஒருநாள் மனு போட முடிவு செய்தால் பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்பது இந்த மாதிரி எதையாவதுதான். சாட்சிக் கையெழுத்தில் மூன்றாவது உங்களுடையது என்று போட்டோவில் தெரிகிறது. கோர்ட்டில் கூப்பிட்டால் போய்ச் சொல்வீர்களா என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.